பெல்லட்டின் நிறமும் தரமும்

மரத்தூளை அழுத்தி, அடுப்பில் எரிக்கச் செய்யும் சிறு உருளைகள்தான் மரப் பெல்லட். அதில் வெளிர் நிறம்தான் தரமானது, கருத்தது மட்டம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதையே பகிர்வதால் சொல்கிறேன்: நிறத்தை வைத்துத் தரத்தை முடிவு செய்ய முடியாது.

மரத்தின் வகை, உலர்த்திய சூடு, பட்டை கலந்த அளவு எல்லாமே நிறத்தை மாற்றும். பட்டை அதிகமானால் சாம்பல் கூடும் என்பது உண்மைதான்; அந்தப் பயத்தில்தான் இப்படிச் சொல்கிறார்கள் போல. ஆனால் லார்ச் (ஓர் ஊசியிலை மரம்), ஓக் போன்றவற்றின் மரத்தூள் பட்டையே இல்லாமலும் கொஞ்சம் கருத்த நிறத்தில் இருக்கலாம்.

ஐரோப்பாவில் வாங்குபவர்கள் பையில் ‘இஎன்பிளஸ் ஏ1’ (ENplus A1) என்ற பெல்லட் தரச்சான்று முத்திரையைப் பாருங்கள். சாம்பல் 0.7 சதவீதத்துக்கும் ஈரம் 10 சதவீதத்துக்கும் மேல் போகக்கூடாது என்பது அந்தத் தரத்தின் விதி. முத்திரையோடு அச்சிட்ட அடையாள எண்ணை இஎன்பிளஸ் தளத்தில் தேடினால், அது செல்லுபடியாகிறதா என்று தெரிந்துவிடும்.

வீட்டிலும் பார்க்கலாம். அடுப்பைச் சுத்தம் செய்துவிட்டு, ஒரு 15 கிலோ பையை முழுதாக எரித்து, ஆறியதும் சாம்பலை நிறுங்கள். ஏ1 என்றால் ஏறத்தாழ 105 கிராமுக்குள் இருக்க வேண்டும். கொஞ்சம் புகைபோக்கியில் போய்விடும், சரி. ஆனால் கால் கிலோ வந்தால், நிறம் எவ்வளவு வெளுப்பாக இருந்தாலும் அந்தப் பையைச் சந்தேகப்படலாம்.