போபாலில் எரித்தது 337 டன். மண்ணுக்கு அடியில் இருப்பதை யார் எடுப்பது?

2025 ஜூன் கடைசியில் "போபால் விஷக்கழிவு முழுக்க எரிக்கப்பட்டது" என்று எல்லாச் சேனலிலும் செய்தி ஓடியது. நாற்பது வருடக் களங்கம் தீர்ந்தது என்று பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். எரிந்தது என்ன, எரியாமல் கிடப்பது என்ன என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எரிந்தது 337 டன். யூனியன் கார்பைடு வளாகத்தில் ஆங்காங்கே கொட்டிக் கிடந்த செவின் பூச்சிமருந்தின் எச்சம், அதன் மூலப்பொருளான நாப்தாலின் எச்சம், ரியாக்டர் கசடு, கொஞ்சம் மண் ஆகியவற்றை 2005 வாக்கில் பொறுக்கி, மூட்டை கட்டி, ஷெட்டில் அடுக்கி வைத்திருந்தார்கள். 2025 ஜனவரி 1 இரவு 12 கன்டெய்னர்களில் ஏற்றி, 250 கிலோமீட்டர் தள்ளி பீதம்பூர் தொழிற்பேட்டைக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். கையில் கிடைத்த சாம்பல் 800 டன்னுக்கு மேல்! எரித்தால் எப்படிக் கூடும் என்று கேட்கலாம். அமில வாயுவை அடக்க சுண்ணாம்பு போட வேண்டும், அதுவும் சாம்பலோடு சேர்ந்துவிடும். பாதரசம் போன்ற உலோகங்கள் எரிந்து இல்லாமல் போவதில்லை. புகைபோக்கியில் பிடிபட வேண்டும், இல்லை சாம்பலில் தங்க வேண்டும். அந்தச் சாம்பலை இனி லைனர் (கசிவைத் தடுக்கும் விரிப்பு) போட்ட குழியில் புதைத்து, காலாகாலத்துக்கும் காவல் காக்க வேண்டும்.

அதே வளாகத்தில் விஷம் ஏறிய மண் எவ்வளவு? மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களான நீரியும் (சுற்றுச்சூழல்) என்.ஜி.ஆர்.ஐ.யும் (புவி இயற்பியல்) சேர்ந்து 2010-ல் சொன்ன மதிப்பீடு சுமார் 11 லட்சம் டன். அதில் 337 டன் என்றால் பத்தாயிரத்தில் மூன்று பங்கு. அதுவும் மூட்டையில் கட்டி, கூரைக்குக் கீழே, யார் கைக்கும் எட்டும் இடத்தில் இருந்த பங்கு. இருப்பதிலேயே சுலபமான வேலையை முடிக்க இருபது வருடம் ஆனது. கஷ்டமான வேலை இன்னும் தொடங்கவே இல்லை என்பதுதான் என் வாதம்.

1969 முதல் 1984 வரை அங்கே பூச்சிமருந்து தயாரித்தார்கள். கழிவை வளாகத்துக்குள்ளேயே குழிகளில் கொட்டினார்கள். 1977-ல் வடக்குப் பக்கம் வெளியே பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு ஆவியாக்கும் குட்டைகள் கட்டினார்கள். அந்தக் குட்டை கசிகிறது என்று 1982-லேயே போபாலிலிருந்து அமெரிக்கத் தலைமைக்கு டெலக்ஸ் செய்தி போயிருக்கிறது. ஆக, ஆலையிலிருந்து விஷவாயு கசிந்த அந்த 1984 டிசம்பர் இரவுக்கு முன்பே நிலத்தடி நீர் கெட ஆரம்பித்துவிட்டது. இரண்டும் வேறு வேறு குற்றங்கள். நஷ்டஈட்டுப் பேச்சில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது கம்பெனிக்குத்தான் வசதி.

மண்ணில் இறங்கிய பொருட்களில் இரண்டு ஜாதி உண்டு. ஹெச்.சி.ஹெச். (ஹெக்ஸாகுளோரோசைக்ளோஹெக்ஸேன்) மாதிரிப் பூச்சிமருந்துகள் மண் துகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மேல்மண்ணிலேயே கிடக்கும். கார்பன் டெட்ராகுளோரைடு, குளோரோஃபார்ம், டைகுளோரோபென்சீன் போன்ற கரைப்பான்கள் அப்படி நிற்காது. பெட்ரோல் சிந்தினால் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும், வழித்து எடுக்கலாம். இவை தண்ணீரைவிடக் கனம். கார்பன் டெட்ராகுளோரைடின் அடர்த்தி 1.59. நீர்மட்டத்தைத் துளைத்துக்கொண்டு கீழே போய், களிமண் அடுக்கு எங்கே பள்ளமாக இருக்கிறதோ அங்கே தேங்கும். தண்ணீர் ஓடும் திசையில்தான் போகும் என்றில்லை, களிமண் சரியும் பக்கம் போகும். தண்ணீர் ஓட்டத்தை மட்டும் வைத்துத் தேடினால் கிடைக்காது.

ஒரு லிட்டர் கார்பன் டெட்ராகுளோரைடு என்பது 1.59 கிலோ. குடிநீரில் அமெரிக்க வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். அந்த ஒரு லிட்டர் முழுக்கக் கரைந்தால் சுமார் 32 கோடி லிட்டர் தண்ணீரை வரம்பு வரை கெடுக்கும். அதுவும் ஒரே நாளில் கரையாது, பல பத்தாண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும்.

"போபாலில் கனமான களிமண் இருக்கிறது, மேலே இருப்பது அவ்வளவு சீக்கிரம் கீழே இறங்காது" என்ற வாதத்தை இன்றும் கேட்கிறோம். சோதனைக்கூடத்தில் ஈரமான களிமண்ணை அமுக்கி வைத்து அளந்தால் அப்படித்தான் தெரியும். கரிசல் களி கோடையில் வெடிக்கும். வெடிப்பு வழியே கரைப்பான் சர்ரென்று இறங்கும். பழைய கிணறு, கைவிட்ட போர், கட்டடத்துக்குத் தோண்டிய அஸ்திவாரம் எல்லாமே குறுக்குவழி. கணக்கு என்ன சொன்னாலும், 1999-ல் கிரீன்பீஸ் எடுத்த மாதிரிகளில் ஆலைக்குப் பக்கத்து அடிபம்புத் தண்ணீரில் கார்பன் டெட்ராகுளோரைடு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது. அந்தப் பொருளின் கரையும் எல்லை லிட்டருக்குச் சுமார் 800 மில்லிகிராம். அதில் நூற்றில் ஒரு பங்கை நெருங்கினாலே பக்கத்தில் கரையாத திரவம் தேங்கியிருக்கிறது என்று சந்தேகப்படுவது இந்தத் தொழிலில் வழக்கம். அடிபம்பு பல அடுக்குத் தண்ணீரைக் கலந்து இழுக்கும். கலந்து நீர்த்த பிறகே 3 மில்லிகிராம் என்றால், அது வந்த அடுக்கில் எவ்வளவு இருந்திருக்கும்?

ஆகவே முதல் வேலை, எங்கே எவ்வளவு ஆழத்தில் என்ன இருக்கிறது என்று வரைபடம் போடுவது. இதில்தான் பாதித் திட்டங்கள் கெடுகின்றன. பத்து இடத்து மண்ணை வாளியில் கொட்டிக் கலந்து "சராசரி மாதிரி" எடுப்பார்கள். கலக்கும்போதே குளோரோஃபார்ம் ஆவியாகிப் போய்விடும், ரிப்போர்ட்டில் "கண்டறியப்படவில்லை" என்று வரும். துளையிட்ட இடத்திலேயே சிரிஞ்சு மாதிரிக் குழாயால் 5 கிராம் மண்ணை எடுத்து, நேராக மெத்தனால் உள்ள குப்பியில் போட்டு மூடி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். தண்ணீர் மாதிரி எடுப்பதும் அப்படித்தான். பம்பை முழு வேகத்தில் ஓட்டாமல் நிமிடத்துக்கு அரை லிட்டருக்குள் மெதுவாக இழுத்து, பி.ஹெச்., மின்கடத்துதிறன், கரைந்த ஆக்ஸிஜன் மூன்றும் நிலையான பிறகே பிடிக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து போர் போடுவதிலேயே இருக்கிறது. களிமண் மேல் தேங்கிக் கிடக்கும் திரவத்தை ஒரே மூச்சில் துளைத்துக்கொண்டு கீழே போனால், இதுவரை சுத்தமாக இருந்த அடுக்குக்கு நாமே ஓட்டை போட்டுக் கொடுக்கிறோம். களிமண்ணைத் தொட்டதும் நிறுத்தி, கேஸிங் குழாய் இறக்கி, சுற்றிலும் பெண்டோனைட்டும் (தண்ணீரில் ஊறி உப்பும் களிமண்) சிமெண்டும் கலந்து அடைத்து, அது இறுகிய பிறகு சின்ன விட்டத்தில் தொடர வேண்டும். ஒரு போருக்கு ஒரு நாள் ஆகிற வேலை நான்கு நாள் ஆகும். மீட்டருக்கு இவ்வளவு என்று டெண்டர் விட்டால் எந்தக் கான்ட்ராக்டரும் இதைச் செய்ய மாட்டார்.

"எல்லா மண்ணையும் தோண்டி எடுத்துவிட வேண்டியதுதானே?" வியட்நாமின் டா நாங் விமான நிலையத்தில் டையாக்ஸின் என்ற கொடிய விஷம் கலந்த மண்ணைக் கான்கிரீட் பெட்டிக்குள் குவித்து, ஹீட்டர் கம்பிகள் செருகி 335 டிகிரிக்குச் சூடாக்கிச் சுத்தம் செய்தார்கள். நன்றாகவே வேலை செய்தது. ஆனால் சுமார் 90,000 கனமீட்டருக்கு 2012 முதல் 2018 வரை ஆனது. போபாலின் 11 லட்சம் டன் என்பது கிட்டத்தட்ட 6 லட்சம் கனமீட்டர். ஒரு டன் மண்ணில் 20 சதவீதம் ஈரம் இருந்தால், அந்த ஈரத்தை ஆவியாக்க மட்டுமே சுமார் 125 யூனிட் மின்சாரம் போகும். மண்ணைச் சூடாக்குவது தனி. ஆக, சூடாக்குவது விஷம் அடர்ந்திருக்கும் இடங்களுக்கு மட்டும்தான் கட்டுப்படியாகும். அதற்கும் முன்னால் கூரை போட்டு, மழைநீர் வாய்க்கால் வெட்டி, மண்ணைக் காயவைக்க வேண்டும்.

தோண்டுவதிலேயே கேடு வந்ததற்கும் உதாரணம் உண்டு. ஸ்பெயினின் சபின்யானிகோவில் லிண்டேன் (ஹெச்.சி.ஹெச். வகைப் பூச்சிமருந்து) ஆலைக் கழிவைப் பழைய குப்பைமேட்டிலிருந்து புதிய குழிக்கு 2014-ல் மாற்றினார்கள். அந்த வேலையின்போது ஹெச்.சி.ஹெச். காயேகோ ஆற்றில் இறங்கி, கீழே உள்ள ஊர்களில் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போனது. பருவமழைக்கு ஒரு மாதம் முன்பு குழியைத் திறந்து வைத்துக்கொண்டு "மழை வந்துவிட்டது" என்று கைவிரிக்கிற நம் ஊர் வழக்கத்தில் இது இன்னும் மோசமாக நடக்கும்.

மருந்து ஊற்றிச் சரிசெய்கிறோம் என்று வருபவர்களிடமும் உஷாராக இருக்க வேண்டும். பர்மாங்கனேட் மலிவு, எல்லோருக்கும் பழக்கம். ட்ரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பானை உடைக்கும், கார்பன் டெட்ராகுளோரைடையும் குளோரோஃபார்மையும் தொடாது. இரும்புத்தூள் கார்பன் டெட்ராகுளோரைடை உடைக்கும், ஆனால் அது குளோரோஃபார்ம் ஆகி, பிறகு டைகுளோரோமீத்தேனில் வந்து நின்றுவிடும். "டெட்ராகுளோரைடு 95 சதவீதம் குறைந்தது" என்று காட்டும் ரிப்போர்ட்டில் டைகுளோரோமீத்தேன் அளவும் இருக்கிறதா என்று பாருங்கள். சுண்ணாம்பு போட்டுக் காரம் ஏற்றினால் ஹெச்.சி.ஹெச். உடையும். உடைந்து ட்ரைகுளோரோபென்சீன் ஆகும். அது முன்னதைவிட எளிதில் நகரும், ஆவியாகும். பீட்டா வகை ஹெச்.சி.ஹெச். அதற்கும் மசியாமல் அப்படியே கிடக்கும். இதெல்லாம் போதாதென்று, எந்த மருந்தும் களிமண்ணுக்குள் நுழையாது; மணல் பட்டையை மட்டும் கழுவிவிட்டு ஓடும். ஆறு மாதம் கழித்துக் களிமண்ணில் ஊறியது திரும்பக் கசிந்து பழைய அளவுக்கே வந்து நிற்கும். கடைசி மருந்து ஊற்றி ஒரு வருடமாவது போகாமல் வெற்றி என்று எழுதித் தரக் கூடாது.

தண்ணீரை இறைத்துச் சுத்தம் செய்வதற்கும் அதே கதிதான். முதல் இரண்டு வருடம் அளவு மளமளவென்று குறையும், பிறகு ஒரே இடத்தில் நிற்கும், பம்பை நிறுத்தினால் ஏறும். அதனால் இறைப்பதைச் சிகிச்சையாகப் பார்க்காமல் வேலியாகப் பார்க்க வேண்டும். விஷம் ஊர்ப்பக்கம் பரவாமல் ஓரத்தில் வரிசையாகக் கிணறு போட்டு இழுத்துக்கொண்டே இருப்பது. ஆக்டிவேட்டட் கார்பன் தொட்டி ஒன்று போதாது. குளோரோஃபார்ம் கார்பனில் சரியாக ஒட்டாது, சீக்கிரமே நழுவி வெளியே வரும். இரண்டு தொட்டியைத் தொடராக வைத்து, இடையில் குழாய் விட்டு வாராவாரம் சோதித்து, அங்கே தலைகாட்டியதும் முதல் தொட்டியை மாற்ற வேண்டும். காற்று ஊதி ஆவியாக்கும் கோபுரம் வைத்தால், கடினநீரில் கோபுரத்தின் உள்ளடைப்பு முழுக்கச் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும். பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காத திட்டத்தில் இது சில மாதங்களில் நின்றுபோகிற காட்சிப்பொருள்.

எவ்வளவு சுத்தம் போதும் என்பதை வேலைக்கு முன்பே எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். கொடைக்கானலில் 2001-ல் மூடிய தெர்மாமீட்டர் ஆலையில் பாதரசத்துக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று இலக்கு வைத்தார்கள். அது மனிதக் குடியிருப்பை மனதில் வைத்த அளவு. கீழே இருப்பதோ பாம்பார் சோலை. ஓடையும் மீனும் வேறு கணக்குக் கேட்கும் என்று எதிர்ப்பு வந்து, வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. போபாலில் சுற்றுச்சுவரை ஒட்டியே வீடுகள். பூங்கா, நினைவகம் என்று பேசுவதற்கு முன், குழந்தை மண்ணைத் தொட்டு விளையாடும் இடம் எது, மூடி வேலி போட வேண்டிய இடம் எது என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும்.

செலவு கெடுத்தவருடையது. யூனியன் கார்பைடை 2001-ல் வாங்கிய டவ் கெமிக்கல் கம்பெனி, பொறுப்பு தனக்கில்லை என்கிறது. நிலம் 1998 முதல் மாநில அரசிடம். இந்த இழுபறி இன்னும் பல வருடம் ஓடும். அதுவரை மண் காத்திருக்கட்டும் என்பது அநியாயம். வழக்கு முடியாமலே செய்யக்கூடியவை இருக்கின்றன. குட்டைப் பகுதிக்குக் களிமண்ணும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் கொண்ட மூடாக்கு. மழைநீரைச் சுற்றிக்கொண்டு போகும் வாய்க்கால். கைவிட்ட போர்களையும் அடிபம்புகளையும் வாயில் கல்லைப் போட்டு மூடாமல், அடிவரை குழாய் இறக்கிப் பெண்டோனைட் சிமெண்டைக் கீழிருந்து மேலாக நிரப்பி அடைப்பது.

பாதிக்கப்பட்ட காலனிகளுக்குக் குழாய்த் தண்ணீர் தரச்சொல்லி உச்ச நீதிமன்றம் 2004-லேயே உத்தரவிட்டது. அந்தக் குழாயிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கரைப்பான் ஊறிய மண்ணில் பாலிஎத்திலீன் குழாய் புதைத்தால், ஓட்டையே இல்லாவிட்டாலும் குழாய்ச் சுவர் வழியாகவே அது உள்ளே ஊறும். தினம் ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் ஊரில், மீதி நேரம் குழாய்க்குள் தேங்கி நிற்கும் தண்ணீரில் அது சேரும். போதாக்குறைக்கு, அழுத்தம் இல்லாத நேரத்தில் மூட்டுகள் வழியே சுற்றியுள்ள மண்நீரையும் உறிஞ்சும். அந்தத் தெருக்களில் வார்ப்பிரும்புக் குழாய்தான் போட வேண்டும், மூட்டு வளையமும் சாதாரண ரப்பராக இல்லாமல் கரைப்பானைத் தாங்கும் ஃப்ளோரோ ரப்பராக இருக்க வேண்டும்.