பேரலைப் பார்க்காமல் பட்டியலைப் பகிராதீர்கள்

பேசாமல் கடந்து போய்விடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இன்று காலையும் ஒருவர் அந்தப் பட்டியலை எனக்கே அனுப்பி, "அண்ணா, இதை அப்படியே வாங்கிடலாமா?" என்று கேட்ட பிறகு கை சும்மா இருக்கவில்லை. எந்தப் பட்டியல் என்று சொல்லவே தேவையில்லை, தோட்டத்தைக் கெடுக்கும் தரை அணிலைச் சுடுவதற்குத் தோட்டாவை வீட்டிலேயே தயாரிக்க என்னென்ன வாங்கணும் என்ற பட்டியல்தான். "அணில் வேட்டைக்கு இதுதான் அல்டிமேட் லோட், கண்ணை மூடிக்கிட்டு காப்பி பண்ணுங்க" என்று தலைப்புப் போட்டு, பளபளவென்று படமும் போட்டு, நம் கலிஃபோர்னியா தமிழ் வட்டம் முழுக்க இதயக்குறி வாங்கிக் குவித்ததே, அதேதான்.

கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலையா ஐயா இது? முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் சதுர இஞ்சுக்கு ஐம்பதாயிரம் பவுண்டு (பிஎஸ்ஐ) அழுத்தத்தை வெடிக்க வைக்கிற வேலை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹேண்ட்லோடுக்கு, அதாவது வீட்டில் தயாரிக்கும் தோட்டாவுக்கு, என்ன வாங்குவது என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி: உங்கள் பேரலின் ட்விஸ்ட் என்ன? குழலுக்குள் வெட்டியிருக்கும் அந்தச் சுருள்வரி எத்தனை இஞ்சுக்கு ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு. இது தெரியாமல் புல்லட் (தோட்டாவிலிருந்து பறந்து போகும் முனை) பெட்டியைத் தொடாதீர்கள். இதைப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதயக்குறிதான் வந்தபாடில்லை.

அந்தப் பட்டியலின் முதல் வரி 77 கிரெய்ன் மேட்ச் புல்லட். கிரெய்ன் என்பது புல்லட்டையும் வெடிமருந்தையும் எடை போடும் அலகு, மேட்ச் என்றால் போட்டியில் காகித இலக்கைச் சுடுவதற்கானது. பதிவு போட்டவருடையது ஏஆர் வகை (தானாக அடுத்த தோட்டா ஏறும் ரைஃபிள்), 1:8 ட்விஸ்ட், அதாவது எட்டு இஞ்சுக்கு ஒரு சுற்று. அவர் பேரலில் அது ஒழுங்காகத்தான் போகும், மறுக்கவில்லை. அதை நம்பி வாங்கிய தம்பி வைத்திருப்பது .223 அளவுத் தோட்டாவுக்கான, ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்து ஏற்றும் பழைய போல்ட் ஆக்‌ஷன், 1:12. அவ்வளவு நீளமான புல்லட்டை நிலையாகச் சுழற்ற அந்தப் பேரலுக்குத் திராணி கிடையாது. ரேஞ்சில் நூறு கஜத்தில் காகிதத்தைப் பார்த்தால், ஓட்டை வட்டமாக இல்லை, நீளவாக்கில் கிழிந்திருக்கிறது. புல்லட் தலைகுப்புறப் புரண்டு பக்கவாட்டில் போய் மோதினால் அப்படித்தான் கிழியும். பாவம், அவர் ஸ்கோப் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கப் போனார். நான்தான் நிறுத்தினேன்.

அடுத்தவர் மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு "பிரேம் நல்ல கம்பெனி, ஆனா ஒண்ணும் தெரியலையே" என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ட்விஸ்ட் தெரிந்துகொள்ள காசு செலவழிக்க வேண்டாம். பல பேரல்களில் அச்சிட்டே இருக்கும். இல்லையென்றால், ரைஃபிளில் தோட்டா இல்லை என்று ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்த்துவிட்டு, கைப்பிடி தானாகச் சுழலக்கூடிய கிளீனிங் ராடில் இறுக்கமாக ஒரு துணியைச் சுற்றி உள்ளே விடுங்கள். ராடில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, அது ஒரு முழுச் சுற்று வருவதற்குள் எத்தனை இஞ்சு நகர்ந்தது என்று அளந்தால் முடிந்தது. டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. இதைச் செய்யச் சொல்லித்தான் கெஞ்சுகிறேன்.

"எடைதானே முக்கியம்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். எடை பெட்டியில் எழுதியிருப்பதால் எல்லோரும் எடையைச் சொல்கிறோம். பேரலுக்குப் பிரச்சினை நீளம்தான். ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பு 9-க்குக் கொஞ்சம் கீழே. அதனால் அதே எடையில் செம்பு புல்லட் ஈயத்தைவிட நீளமாக இருக்கும். ஈயத்தில் 55 கிரெய்ன் அருமையாகச் சுட்ட 1:12 பேரல், முழுச் செம்பில் 55 கிரெய்னுக்குத் தடுமாறலாம். அதற்காக நேர் எதிர்க்கோடிக்கும் போகாதீர்கள். நொடிக்கு 3200 அடி வேகத்தில் போகும் புல்லட் 1:12 பேரலில் நிமிஷத்துக்கு 1,92,000 சுற்று சுற்றும். அதே வேகத்தில் 1:8 பேரலில் 2,88,000 சுற்று. மெல்லிய உறை போட்ட வார்மின்ட் புல்லட்டை (பயிரைக் கெடுக்கும் சிறு விலங்குகளுக்கானது) அதற்கு மேலும் விரட்டினால், அது இலக்குக்குப் போய்ச் சேராமல் நடுவழியில் தூளாவதும் உண்டு. சில கம்பெனிகள் தங்கள் மெல்லுறைப் புல்லட்டுக்கு வேக வரம்பே கொடுத்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பேரல்தான் பதில் சொல்லணும், பேரல்தான்.

இப்போது செம்பு ஏன் வந்தது என்று கேட்பீர்கள். இதுதான் எனக்கு உண்மையாகவே எரிச்சல் தந்த இடம். அந்தப் பட்டியலில் இருப்பது ஈய உள்ளீடு வைத்த புல்லட். நாம் இருப்பது கலிஃபோர்னியாவில். 2013-ல் கையெழுத்தான சட்டம், 2019 ஜூலை 1 முதல் முழுசாக அமலில் இருக்கிறது. துப்பாக்கியால் எந்தக் காட்டு உயிரைச் சுட்டாலும் ஈயம் இல்லாத தோட்டாதான். தரை அணிலுக்கும் அதே சட்டம், சொந்தத் தோட்டத்துக்குள்ளும் அதே சட்டம். காகிதத்தைச் சுட ஈயம் வைத்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்கவில்லை. ஆனால் "அணில் வேட்டைக்கு" என்று தலைப்புப் போட்டு, சட்டப்படி அணிலைச் சுடவே முடியாத ஒரு புல்லட்டை அத்தனை பேருக்கும் சிபாரிசு செய்திருக்கிறார். கீழே "வேற லெவல் ப்ரோ" என்று கமெண்ட். ஆமாம், வேற லெவல்தான்.

இன்னொன்று. மேட்ச் புல்லட்டின் மூக்கில் இருக்கும் சின்ன ஓட்டை, அதைத் தயாரிக்கும் முறையால் வருவது. பட்டதும் சிதறுவதற்காக வைத்தது இல்லை. வார்மின்ட் புல்லட் பட்ட இடத்தில் உடைந்து தூளாகணும். அணில் அந்த நொடியே சாகணும், தவறிப்போனால் மண்ணில் பட்டதும் புல்லட் உடையணும், கல்லில் பட்டுத் தெறித்து அடுத்த தோட்டத்துக்குப் போகக் கூடாது. இந்தத் தேவைக்கு ஈயம் இல்லாமலே புல்லட் வருகிறது. செம்பையும் தகரத்தையும் பொடியாக அழுத்தி உள்ளே வைத்த பார்ன்ஸ் வார்மின்ட் கிரனேட், ஹார்னடியின் என்டிஎக்ஸ், நாஸ்லரின் ஈயமில்லா பாலிஸ்டிக் டிப். .224-ல் (.223 தோட்டாவில் போகும் புல்லட்டின் விட்டம், இஞ்சுக் கணக்கில்) 35, 36 கிரெய்ன் என்று எடை குறைவாகவே கிடைக்கின்றன. பெட்டியில் ட்விஸ்ட் எண் ஏதாவது போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சட்டத்தைத் திட்டுகிறவர்களுக்கு ஒன்று. 1982-ல் உலகத்திலேயே செத்த விலங்கைத் தின்னும் பெரிய கழுகினமான கலிஃபோர்னியா காண்டார்கள் 22-தான் மிச்சம். அந்தப் பறவைகளைக் கொல்வதில் முன்னணியில் இருப்பது ஈய நஞ்சு, சுட்டுப் போட்ட விலங்கைத் தின்று வருவது. மதேரா பக்கத்தில் பாதாம் தோட்டம் வைத்திருக்கும் பஞ்சாபி நண்பர் ஒருவர் கூப்பிட்டுத்தான் நான் போவது. வரப்பெல்லாம் வளை, சொட்டுநீர்க் குழாயைக் கடித்து வைத்திருக்கும், இளங்கன்றின் பட்டையை உரித்துப் போட்டிருக்கும். நாலு வெடிச் சத்தம் கேட்டதும் செவ்வால் பருந்துகள் எங்கிருந்தோ வந்து கம்பத்தில் உட்கார்ந்துவிடும். அவற்றுக்கு அது சாப்பாட்டு மணி. அவற்றின் இரைக்குள் ஈயத்தூளைப் போட்டு வைக்க எனக்கு மனசு வராது, சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

மற்றதெல்லாம் சுருக்கமாகச் சொல்கிறேன். பவுடர் (வெடிமருந்து): ஜனவரிக் குளிரில் உச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சரிபார்த்த லோடை ஜூலையில் ஃப்ரெஸ்னோ வெயிலில் சுட்டால் அழுத்தம் ஏறும். இங்கே கோடையில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட் சர்வசாதாரணம். ஹெச்335 மாதிரி உருண்டை மணியாக இருக்கும் பால் (ball) பவுடர் அளப்பதற்கு வெண்ணெய், ஆனால் வெப்பத்துக்குக் கொஞ்சம் முகம் மாறும். வார்கெட், ஹெச்322 போன்றவை அதில் நிதானம். ஹெச்4895-ம் ஐஎம்ஆர் 4895-ம் எண் ஒன்று, பவுடர் வேறு. ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போடாதீர்கள். பிரைமர் (தோட்டாவின் அடியில் பொறி கிளப்பும் சின்னக் கிண்ணம்): ரெமிங்டன் 6½-ம் .223-க்குப் பொருந்தும் ஸ்மால் ரைஃபிள் அளவுதான், ஆனால் .223 அழுத்தத்துக்கு அதன் கிண்ணம் போதாது. ஏஆர் வைத்திருப்பவர்கள் கடினக் கிண்ணம் உள்ள பிரைமராகப் பார்த்து வாங்குங்கள். பிராஸ் (பித்தளைக் கூடு): விலை உயர்ந்ததுதான் வேண்டும் என்று இல்லை, ஒரே கம்பெனி, ஒரே லாட், அவ்வளவுதான். கம்பெனிக்குக் கம்பெனி உள்கொள்ளளவு மாறும், கொள்ளளவு மாறினால் அழுத்தமும் மாறும்.

எத்தனை கிரெய்ன் பவுடர் என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். புல்லட், பவுடர் கம்பெனிகளின் மேனுவல் இருக்கிறது, அதில் ஆரம்ப அளவு இருக்கிறது, அங்கிருந்து தொடங்குங்கள்.

இனி என்ன பதில்கள் வரும் என்று தெரியும். "பொறாமை." சரி. "அவருக்கு வொர்க் ஆகுதே." ஆகும், அவர் பேரலில். "கடையிலேயே ரெடிமேட் வாங்கலாமே." தாராளமாக வாங்குங்கள். .223-ல் ரெடிமேட் நன்றாகவே சுடும், அதில் எனக்குச் சண்டையே இல்லை. "விஷம் வைக்கலாமே, எதுக்குத் துப்பாக்கி?" விஷம் தின்ற அணிலைப் பருந்தும் நரியும் தின்னும், அதற்கும் அதே கதி. இதற்கு மேல் விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

அப்புறம் வருவார்கள் ராமர் கட்சி. "ராமருக்குப் பாலம் கட்டின அணிலையா சுடுற?" ஐயா, இந்தத் தரை அணில் முதுகில் கோடு கிடையாது. உடம்பெல்லாம் புள்ளி, கோழி மாதிரி மண்ணைக் கிளறும், இதன் தெள்ளுப்பூச்சியில் பிளேக் கிருமிகூட இருக்கலாம். மதேரா இருக்கும் இதே பள்ளத்தாக்கில் பக்கவாட்டில் வெள்ளைக்கோடு உள்ள ஆன்டிலோப் அணில் ஒன்று இருக்கிறது. அதைச் சுட்டால் குற்றம், அது பாதுகாக்கப்பட்ட இனம். கோடு போட்டதை மாநில அரசே காப்பாற்றுகிறது, ராமர் நிம்மதியாக இருக்கலாம். அடையாளம் தெரியாமல் விசையைத் தொடாதே என்று புதிதாக வருகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். அந்தப் பட்டியலில் இதைப்பற்றி ஒரு வரி இருக்கிறதா?

"ஐடிக்காரனுக்கு எதுக்கு இந்த வேலை, சீன் போடுறான்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குச் சிரிப்புக்குறி போட்டவர்களில் என் வீட்டுப் பொங்கலுக்கு வந்து சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள். எங்கள் அப்பா கடலைக்காட்டில் பரண் போட்டு ராத்திரி முழுக்கத் தகரம் தட்டியவர். விடிந்து பார்த்தால் பன்றி உழுதுவிட்டுப் போயிருக்கும். மேட்டில் உட்கார்ந்து அவர் எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். மதேராவில் அந்த பஞ்சாபிக்காரர் கடித்துப் போட்ட குழாயைக் கையில் எடுத்துக் காட்டியபோது எனக்கு அப்பா முகம்தான் தெரிந்தது. இதில் என்ன சீன் இருக்கிறது? உழவு வீட்டில் பிறந்தவனுக்கு இது வேடிக்கை இல்லை. உங்களுக்கு விளங்காவிட்டால் விடுங்கள், சிரிக்காமலாவது இருங்கள்.

பதிவு போட்டவருக்கும் ஒரு வார்த்தை. பெயர் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். டை (சுட்ட கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) எப்படித் திருகுவது, கூட்டின் நீளம் ஏன் பார்க்கணும், பிரைமரை எப்படிக் கையால் தடவிப் பார்ப்பது என்றெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். யாருடைய கராஜ் என்று எழுதச் சொல்லவில்லை. அன்றைக்கு நான் முதலில் சொன்ன விஷயத்தை, "ட்விஸ்ட் பார்த்துட்டு வாங்குங்க" என்கிற ஒரே வரியை, பட்டியலுக்கு மேலே சேர்த்திருக்கலாம். "அதெல்லாம் பெருசுங்க பேசுற டெக்னிக்கல்" என்று கமெண்டில் பதில் சொல்லியிருக்கிறீர்கள். இருக்கட்டும், பெருசுதான்.

அந்தத் தம்பியிடம் மீதமுள்ள 77 கிரெய்ன் பெட்டி அப்படியே இருக்கிறது. 1:8 பேரலும் ரேஞ்சில் காகிதம் சுடுகிற ஆசையும் உள்ளவர்கள் அவரிடம் வாங்கிக்கொள்ளலாம், வாங்கின விலைக்கே தருகிறாராம். பதிவு போட்டவரே எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. வரும்போது போன வருஷம் எடுத்துப் போன, கூட்டின் நீளம் அளக்கும் என் காலிப்பரையும் கொண்டுவாருங்கள்.