அலட்சியமாம்!

அந்த டாக்டர் வீடியோவை இன்னும் எத்தனை பேர்தான் ஷேர் பண்ணுவீங்க? கிராமத்துப் பொம்பளைங்களுக்கு அலட்சியம் ஜாஸ்தி, நோய் முத்தின பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருவாங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றார். கீழ நம்ம ஆளுங்களோட கைதட்டல். நல்லா இருங்க.

அலட்சியம் இல்லைங்க. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்க. தமிழ்நாட்டுல நூத்துக்கு 99-க்கு மேல பிரசவம் ஆஸ்பத்திரியிலதான். அதே கணக்கெடுப்புல, 30-லேர்ந்து 49 வயசுக்குள்ள கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஒரு தடவையாவது பரிசோதனை பண்ணிக்கிட்டவங்க கிட்டத்தட்ட பத்துல ஒருத்தர். புள்ள பெத்துக்க வந்தவளுக்கு, தனக்குன்னு வர மட்டும் அலட்சியம் எங்கேர்ந்து வந்துச்சு? பிரசவத்துக்கு நர்சம்மா வீடு தேடி வந்தாங்க, 108 வந்துச்சு, முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல காசும் பெட்டகமுமா 18,000 வந்துச்சு, மாமியாரே பையைத் தூக்கிட்டுக் கூட வந்தாங்க. உள்ள இருந்தது வாரிசு. அது வெளிய வந்ததும் எல்லாரும் கிளம்பிட்டாங்க.

எங்க பெரியம்மாவுக்கு, திருவண்ணாமலைப் பக்கம், அடி இறங்கிடுச்சு, அதாவது கர்ப்பப்பை கீழ இறங்கிடுச்சு. பழைய சேலையைக் கிழிச்சு மடிச்சு வெச்சுக்கிட்டு வருஷக்கணக்கா களை எடுத்தாங்க, தண்ணி தூக்குனாங்க. கல்யாண வீட்டுல, ஈரம் பட்டுடுமோ, வாடை வந்துடுமோன்னு சுவத்தோரமா நின்னுக்கிட்டே இருப்பாங்க. "அண்ணிக்கு உக்காரவே தெரியாது"ன்னு சித்தப்பா கிண்டல் வேற. ஒருவழியா ஆஸ்பத்திரிக்குப் போனா, அத்தனை பேர் நிக்கிற ஓபி வரிசையில "என்னம்மா உனக்கு?"ன்னு சத்தமா கேட்டாங்க. பக்கத்துல ஊர்க்கார ஆம்பளைங்க. பெரியம்மா "கை கால் வலி"ன்னாங்க. மாத்திரை குடுத்தாங்க. வாங்கிட்டு வந்துட்டாங்க.

பஸ்தான் ஃப்ரீயாச்சேன்னு வருவீங்க. டவுன் பஸ் ஃப்ரீ. பெரியாஸ்பத்திரிக்குப் போற தூரத்து பஸ்ஸுக்கு டிக்கெட் உண்டு. நூறு நாள் வேலைன்னா காலையில ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ. வருகைப் பதிவு ஆப்புல அது ஏறலேன்னா அன்னிக்குக் கூலி போச்சு. மாட்டுக்குத் தண்ணி காட்ட வீட்டுல வேற ஆளே கிடையாது, தெரியுமில்ல?

"மக்களைத் தேடி மருத்துவம் வருதே?" வருது, 2021-லேர்ந்து. எங்கம்மா பிரஷர் மாத்திரையை ஒழுங்காப் போடுறதே அதாலதான், குறை சொல்லல. ஆனா அடி இறங்கினதைத் திண்ணையில வெச்சா காட்ட முடியும்?

டாக்டருங்களுக்கு வேலைப்பளுவாம். இருக்கட்டும். அதுக்குப் பெரியம்மாவா பொறுப்பு?

நேத்து இன்பாக்ஸ்ல ஒரு தம்பி, "அக்கா, எமோஷனல் ஆகாதீங்க, விழிப்புணர்வுதான் தீர்வு"ங்கிறார். பெரியப்பாவுக்கு மூலம் முத்தினப்ப ஆட்டை வித்து, ஒரே வாரத்துல டவுனுக்குக் கூட்டிட்டுப் போயி ஆபரேஷன் பண்ணி வெச்சது யாரு? இதே பெரியம்மாதான். அப்ப இருந்த விழிப்புணர்வு அப்புறம் எங்க போச்சு? அவங்க முறை வந்தப்ப "அறுப்பு முடியட்டும், பாக்கலாம்"னு சொன்னது பெரியப்பா. எத்தனை அறுப்பு முடிஞ்சுது! அவரை யாராவது அலட்சியம்னு சொன்னீங்களா? சொல்ல மாட்டீங்க. அவர் குடும்பத்துக்கு உழைச்ச மனுஷன்.

அந்த டாக்டரைத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. பொம்பளைங்களை உள்ள கூப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, ஒரு நர்சம்மாவை விட்டுக் கேக்கச் சொல்லுங்க. கை கால் வலின்னு சொன்னா இன்னொரு தடவை கேக்கச் சொல்லுங்க. இதுக்குமா அரசாங்கம் ஆர்டர் போடணும்?