ஏற்காடு மலையாளிகள் பேசுவது தமிழ்தான்

ஏற்காட்டுச் சிறுமியை வைத்துச் சிறுவர் கதை எழுதுபவருக்கு, 'அங்கே உள்ள மலையாளிகள் கேரளாவிலிருந்து வந்தவர்கள், கதையில் வரும் பாட்டியை மலையாளத்தில் பேச வையுங்கள்' என்று ஒருவர் சொல்லியிருக்கிறார், சிலர் அதை ஆமோதித்தும் இருக்கிறார்கள். பெயர் அப்படிக் குழப்பும்தான், ஆனால் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மலையாளிகளுக்கும் கேரளாவுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழ், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாகத்தான் அவர்களுடைய வாய்மொழிக் கதையே சொல்கிறது.

என்னை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். பிரிட்டிஷ் மானிடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுப்பின் 4-ஆம் தொகுதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, அதில் 'மலையாளி' பகுதியைத் திறந்தால் சமவெளியிலிருந்து மலைக்குப் போன தமிழ் பேசும் மக்கள் என்றே இருக்கும். அப்புறம், தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் இந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே சேலம், தருமபுரி என்று மாவட்டங்களைக் குறித்திருப்பார்கள். அதுவும் வேண்டாமென்றால் சேலத்திலிருந்து ஏற்காடு பேருந்தில் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் பக்கத்து இருக்கையில் பலாப்பழம் மடியில் வைத்திருக்கும் பாட்டியிடம் நாலு வார்த்தை பேசிப் பாருங்கள்.