புறநகர்த் தெருவில் ஒரு முகமூடி

சட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும் எதிர்நாயகனைப் பெருநகரத்தின் இருட்டுச் சந்துகளில் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். அவனை அமெரிக்கப் புறநகரில் குடிவைக்கும் காமிக்ஸ்தான் எனக்கு அதிகம் பிடிக்கிறது. அங்கே அவனுக்குச் சாக்கு எதுவும் கிடைப்பதில்லை.

1974இல் ஸ்பைடர்மேன் இதழ் ஒன்றில் அறிமுகமான பனிஷர் என்ற எதிர்நாயகனுக்குக் குடும்பத்தைப் பறிகொடுத்த கதை இருக்கிறது. பழிவாங்குகிறான் என்றதும் வாசகர் பாதி மன்னித்துவிடுகிறார். புறநகர்க்காரனுக்கு அப்படி என்ன நேர்ந்தது? வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, வாசலில் கார் நிற்கிறது. இருப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இரவில் ஜன்னல் திரையை விலக்கிக்கொண்டு, எவனாவது தவறு செய்ய மாட்டானா என்று ஏங்குகிறான். அந்த ஏக்கத்தை மூடிமறைக்காத காமிக்ஸைத்தான் நேர்மையானது என்பேன்.

படங்களால் மட்டுமே இதைச் சொல்ல முடியும். ஒரு பக்கம் முழுக்க ஒரே அளவுக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் அதே கூரை, அதே புல்வெளி. ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் கார் கொட்டகையின் கதவு அரையடி திறந்திருக்கிறது. வசனம் கிடையாது. நம் கண் அங்கேயே போய் நிற்கிறது. குற்றம் எதுவும் நடக்கவில்லை, ஆனால் அவனோடு சேர்ந்து நாமும் சந்தேகப்படத் தொடங்கிவிட்டோம்!

யாரைச் சந்தேகப்படுகிறான் என்பதில்தான் பல கதைகள் நழுவுகின்றன. 1947இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் எழத் தொடங்கிய லெவிட்டவுன் என்ற புறநகரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்த 17,000க்கும் மேற்பட்ட வீடுகள். வீட்டு வேலைக்காரர்களைத் தவிர வெள்ளையர் அல்லாத எவரும் அங்கே குடியிருக்கக் கூடாது என்று தொடக்கத்தில் ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தார்கள். அப்படிப்பட்ட தெருக்களின் வாரிசான ஒரு தெருவில், முகமூடிக்காரன் முதலில் பிடிப்பது வெளியூர்க்காரனை என்றால், எழுத்தாளர் சுலபமான வழியில் போய்விட்டார் என்றே பொருள். பக்கத்து வீட்டுக் கதவுக்குப் பின்னால் நடக்கும் அடி உதையை அவன் எப்போது பார்ப்பான்?

அமெரிக்கக் காவலர்கள் சிலர் பனிஷரின் மண்டையோட்டைச் சின்னமாக அணிந்தபோது, அவனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெர்ரி கான்வேயே வெளிப்படையாகக் கண்டித்தார். இப்படிப்பட்டவனுக்குத் தரும் கைதட்டல் எங்கே போய் முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆகவே, அக்கம்பக்கத்தார் கூடி நன்றி சொல்லும் முடிவு எனக்கு வேண்டாம். ஒரு தாய் அவன் வீட்டுக் கதவைத் தட்டி, "என் மகனை ஏன் பின்தொடர்ந்தீர்கள்?" என்று கேட்கட்டும். அவன் என்ன பதில் சொல்கிறான் என்பதைப் படிக்கத்தான் நான் அடுத்த இதழை வாங்குவேன்.