கைரோவுக்குத் திரை எங்கே என்று தெரியாது

எமுலேட்டரில் (பழைய விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மென்பொருளில்) துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறேன் என்று சொல்லிவிட்டு மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. விர்ச்சுவா காப், ஹவுஸ் ஆஃப் தி டெட், டைம் க்ரைசிஸ் எல்லாம் காசு போட்டு ஆடும் ஆர்கேட் கடைகளின் ஆட்டங்கள்; நின்றுகொண்டு, கையை நீட்டி, தோள் வலிக்க வலிக்க ஆட வேண்டியவை. எதிரி எந்த மூலையில் முளைக்கிறான், சுடுவதற்கு முன் எவ்வளவு நேரம் தருகிறான் என்பதெல்லாம் ஒரு கை துப்பாக்கியோடு அங்கே போய்ச் சேரும் வேகத்துக்குத்தான் பொருந்தும். மவுஸில் என்ன ஆகிறது? ஜாம்பி வாயைத் திறப்பதற்குள் தலையில் நாலு குண்டு இறங்கிவிடுகிறது. திரையில் ஆட்டம் ஓடுகிறது, ஆடுபவருக்குத்தான் அதில் வேலை இல்லை.

அதனால் கை அசைவை உணரும் மோஷன் கன்ட்ரோலரை, திரையை நோக்கிச் சுடும் லைட் கன்னாக மாற்றி ஆடுவதை நான் மனதார ஆதரிக்கிறேன். ஆனால் கையில் அசைவதெல்லாம் துப்பாக்கி ஆகிவிடாது. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பழைய லைட் கன்னை எடுத்து எல்இடி டிவியில் நீட்டினால் ஏன் வேலை செய்யாது என்று இன்னும் கேட்கிறார்கள். டக் ஹன்ட் விளையாட்டில் ட்ரிக்கரை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, அடுத்த ஃபிரேமில் வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து காலி. பிளேஸ்டேஷனுக்கு வந்த கன்கான் இன்னும் நுணுக்கமானது. வீடியோ சிக்னலையும் தனக்குள் வாங்கிக்கொண்டு, படக்குழாயின் எலெக்ட்ரான் கற்றை தன் கண்ணெதிரே கடக்கும் நேரத்தை வைத்துக் குறி எங்கே என்று கணக்குப் போடும். இரண்டுக்குமே பழைய குண்டு டிவி வேண்டும். ஒரு ஃபிரேம் என்பது சுமார் 16.7 மில்லி நொடி. இன்றைய டிவி படத்தை வாங்கி, மெருகேற்றி, காட்டுவதற்குள் அதைவிட அதிக நேரம் போய்விடுவது சாதாரணம். கற்றை என்ற ஒன்றே இங்கு கிடையாது. ஆக அந்த வழி அடைபட்டுவிட்டது, வேறு வழிதான் தேட வேண்டும்.

உடனே எல்லாரும் கன்ட்ரோலருக்குள் இருக்கும் கைரோ என்ற சுழற்சி உணரிக்குத் தாவுகிறார்கள், ஏனென்றால் அது எல்லார் கையிலும் ஏற்கெனவே இருக்கிறது. கைரோ சொல்வது இவ்வளவுதான்: கை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்பியது. திரை எங்கே என்று அதற்குத் தெரியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு அடி எண்ணி நடப்பது மாதிரி, சிறு சிறு பிழை சேர்ந்து சேர்ந்து கொஞ்ச நேரத்தில் குறி ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும். ஒரு பட்டனை அழுத்தி நடுவுக்குக் கொண்டுவரலாம்தான். ஆனால் ஒரு கட்டத்தின் நடுவில், மூன்று பேர் சுட்டுக்கொண்டிருக்கும்போது, குறியை மையத்துக்கு இழுத்துக்கொண்டிருப்பவர் துப்பாக்கி பிடித்திருக்கவில்லை, கர்சர் ஓட்டிக்கொண்டிருக்கிறார். பாத்திரத்தைப் பின்னாலிருந்து பார்த்து ஆடும் தேர்ட் பெர்சன் விளையாட்டுகளுக்குக் கைரோ அருமை, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆர்கேட் துப்பாக்கிக்கு மட்டும் அது ஆகாது.

நின்டெண்டோவின் வீ கன்சோலோடு வந்த வீ ரிமோட் அப்படியல்ல. 2006இல் வந்த அந்தக் கருவியின் மூக்கில் ஓர் அகச்சிவப்புக் கேமரா இருக்கிறது. டிவிமேல் வைக்கும் சென்சார் பார், பெயர் அப்படி இருந்தாலும், எதையும் உணர்வதில்லை. இரண்டு முனையிலும் எல்இடிகள் எரிகின்றன, அவ்வளவுதான். இரண்டு மெழுகுவத்தியை ஏற்றி வைத்தாலும் ரிமோட் அதைப் பிடித்துக்கொள்ளும். கையில் இருப்பது திரைப்பக்கம் பார்த்து, ‘இதோ இங்கே இருக்கிறது’ என்று சொல்கிறது. எவ்வளவு நேரம் ஆடினாலும் நகராது. துப்பாக்கிக்கு இதுதான் வேண்டும்.

ஆனால் இரண்டு புள்ளி போதாது. ஒரே இடத்தில் நின்று கையை மட்டும் திருப்புவதும், கையைத் திருப்பாமல் ஓரடி பக்கவாட்டில் நகர்வதும் அந்தக் கேமராவுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் தெரியும். அதனால்தான் குழலின் நுனியில் கண்ணை வைத்துக் குறி பார்த்தால் தோட்டா வேறெங்கோ போகிறது. நான்கு புள்ளி வைத்தால் கதை மாறுகிறது. நாற்கரம் எப்படிச் சாய்ந்து தெரிகிறது என்பதிலிருந்து எங்கே நிற்கிறீர்கள், எந்தக் கோணத்தில் பார்க்கிறீர்கள் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். கன்4ஐஆர் என்ற இன்றைய லைட் கன் இப்படித்தான் திரையைச் சுற்றி நான்கு இடத்தில் எல்இடி வைக்கிறது. சிண்டன் லைட் கன் எல்இடியே இல்லாமல் படத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு வரைந்து அதையே கேமராவால் பார்க்கிறது. வீ ரிமோட்டின் கேமரா ஒரே நேரத்தில் நான்கு புள்ளி வரை பின்தொடரும் திறன் உடையது என்பதை இங்கே மறக்கக் கூடாது. வன்பொருள் முதல் நாளிலிருந்தே தயார், பாதி வேலையை மட்டும்தான் அதனிடம் வாங்கிக்கொண்டிருந்தோம். ஒரே ஒரு குறை, அதன் பார்வைக் கோணம் குறுகல். பெரிய டிவிக்கு மிக அருகில் நின்றால் புள்ளிகள் பார்வையிலிருந்து நழுவும். பின்னால் தள்ளி நில்லுங்கள்.

பிளேஸ்டேஷன் மூவ் (2010) எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: கேமரா டிவியருகே, ஒளிரும் பந்து கையில். துல்லியம் நன்றாகவே இருக்கும். கணினியில் அதை ஏற்பாடு செய்வதற்குள் பொறுமை போய்விடும் என்பதால் நான் யாருக்கும் சொல்வதில்லை.

குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்யும் அளவுத்திருத்தத்தில் பலர் அவசரப்படுகிறார்கள். மேம் (MAME) என்ற ஆர்கேட் எமுலேட்டரில் டேப் விசையை அழுத்தி அமைப்பில் எதையாவது மாற்றிவிட்டு ஆட்டத்துக்குள் போகிறார்கள். முதலில் F2 அழுத்தி அந்த ஆட்டத்தின் சர்வீஸ் மெனுவுக்குப் போங்கள், ஆர்கேட் கடைக்காரர் செய்ததைப் போலவே துப்பாக்கித் திருத்தத்தை முடியுங்கள். பிறகு நடுவில் சுட்டுப் பாருங்கள், நான்கு மூலையிலும் சுட்டுப் பாருங்கள். நடு சரியாக விழுந்து, மூலைகளில் மட்டும் இரண்டு விரற்கடை உள்ளே விழுந்தால் அளவு தப்பு. ஐந்துமே ஒரே பக்கம் தள்ளி விழுந்தால் இடம் தப்பு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒன்றைத் திருத்த மற்றதைக் கெடுப்பதில்தான் மாலை முழுவதும் போகிறது.

ரீலோட் இன்னொரு தலைவலி. ஹவுஸ் ஆஃப் தி டெட்டில் திரைக்கு வெளியே சுட்டால்தான் குண்டு நிரம்பும். ஆனால் கன்ட்ரோலரை மவுஸாக மாற்றும் மென்பொருள்கள் பல, குறி வெளியே போனதும் கர்சரை விளிம்பிலேயே நிறுத்திவிடுகின்றன. நீங்கள் வெளியே சுடுகிறீர்கள், ஆட்டமோ ஓரத்தில் சுட்டதாக நினைக்கிறது, துப்பாக்கி காலியாகவே இருக்கிறது. மேமில் இதற்காகவே ‘ஆஃப்ஸ்க்ரீன் ரீலோட்’ என்ற அமைப்பு உண்டு, இரண்டாவது பட்டனை வெளியே சுட்டதாக எடுத்துக்கொள்ளும். உதவிதான், ஆனால் மணிக்கட்டை வெடுக்கென்று வெளியே திருப்பித் திரும்பும் அந்த அசைவு போய்விடுகிறது. எனக்கு அதுதான் ஆட்டத்தின் தாளமே. டைம் க்ரைசிஸுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அங்கே மறைவதும் நிரப்புவதும் கால் பெடலில். ஒரு யுஎஸ்பி பெடல் கிடைத்தால் தயவுசெய்து மாட்டிக்கொள்ளுங்கள், மறைந்து எழுவதைக் கட்டைவிரலுக்குக் கொடுக்காதீர்கள்.

தாமதத்தைப் பற்றி ஒரே வார்த்தை: டிவியில் கேம் மோட் போடுங்கள், கை நடுக்கத்தை மறைக்கும் ஸ்மூத்திங்கை முடிந்தவரை குறையுங்கள். குறி லேசாக நடுங்கட்டும். அது கைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வருவதைவிட நடுங்குவது எவ்வளவோ மேல்.

திரையில் குறிவட்டம் வைத்திருப்பவர்களைக் கேலி செய்வதை நிறுத்துங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு புள்ளிக் கன்ட்ரோலரில் வட்டம் இல்லாமல் ஆடச் சொல்வது அநியாயம். நான்கு புள்ளிக்கு மாறியவர்கள் மட்டும் ஒருமுறை அதை அணைத்துவிட்டு, குழல் நுனியை மட்டும் நம்பி, முதல் கட்டத்தை ஆடிப் பாருங்கள்.

எமுலேட்டர் எழுதுபவர்களிடமும் இணைப்பு மென்பொருள் எழுதுபவர்களிடமும் நான் கேட்பது இரண்டே. குறி திரைக்கு வெளியே போனால் அதைத் தனிச் செய்தியாக அனுப்புங்கள், விளிம்பில் ஒட்டவைக்காதீர்கள். இரண்டு துப்பாக்கிகளை இரண்டு துப்பாக்கிகளாகவே பாருங்கள். விண்டோஸ் இரண்டு மவுஸையும் ஒரே கர்சராக்கிவிடுகிறது, மேம் அவற்றைப் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொண்டு வெகுகாலம் ஆகிறது, மற்றவர்களும் அதைச் செய்யலாம். பக்கத்தில் இன்னொருவர் தோளோடு தோள் நின்று சுடுவதற்கென்று செய்த ஆட்டங்கள் இவை.