கம்ப்ரெஷன் குறைந்தால் ஹெட் வேலைதானா?

பழைய கார் எஞ்சினில் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) குறைந்தால் சிலிண்டர் ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் மேல்பாகத்தை, ரீபில்ட் செய்தே ஆக வேண்டும் என்று அண்ணன் ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படி இல்லை அண்ணா. தேய்ந்த பிஸ்டன் ரிங்கும் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) அதே குறையைத்தான் காட்டும். அது ஹெட்டுக்குக் கீழே இருக்கும் பிளாக்கில் செய்கிற வேலை, ஹெட்டைத் தொட்டால் தீராது.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். எஞ்சினைச் சூடாக்கி நிறுத்துங்கள். காயில் வயரைக் கழற்றிவிட்டு எல்லா பிளக்கையும் எடுங்கள். ஒவ்வொரு பிளக் துளையிலும் கம்ப்ரெஷன் கேஜை (அழுத்தமானி) மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றி அளவைப் பாருங்கள். அப்புறம் குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. அசையவே இல்லையென்றால் வால்வாக இருக்கலாம். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டாக (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) இருக்கலாம். டப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளியையும் முதலில் சரிபாருங்கள், இறுக்கமாக இருந்தாலும் வால்வு மூடாது.

இங்கே டர்பனில் என் டாட்சன் 1200 காருக்கு மூன்றாவது சிலிண்டர் 85 psi காட்டியது, ஆயில் விட்டதும் 130. ஹெட்டைக் கழற்ற ஸ்பானரை எடுத்து வைத்திருந்தேன், திரும்பப் பெட்டியில் போட்டேன்.